காது சொல்லாத கணக்கு

தொழிலிடத்து இரைச்சலில் ஒரு சிக்கல் உண்டு. இரைச்சலால் எந்த உறுப்பு கெடுகிறதோ, அதே உறுப்பைத்தான் மனிதர்கள் அதை எடைபோடவும் நம்பியிருக்கிறார்கள். அமிலம் பட்டால் தோல் எரியும். புகை சூழ்ந்தால் கண் கரிக்கும். 90 டெசிபல் இரைச்சலில் நாள் முழுக்க நிற்பவருக்கு ஒன்றும் வலிப்பதில்லை. முதல் வாரம் தலை கனக்கும், இரண்டாம் மாதம் பழகிவிடும், மூன்றாம் ஆண்டில் ‘இந்தச் சத்தமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை’ என்பார். அந்தப் பெருமையில் ஒரு பங்கு பழக்கம். இன்னொரு பங்கு, காது உண்மையிலேயே மந்தமாகிவிட்டது. ஓர் இயந்திரத்தின் சத்தம் ஆபத்தானதா என்ற தீர்ப்பைக் காதிடம் விடாமல் கடிகாரம், தூரம், குரல், கருவி ஆகியவற்றிடம் ஒப்படைப்பதே இரைச்சல் மதிப்பீடு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைகளின் சாரமும் இதுதான்.

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கான தேவை எங்கும் கண்ணில் படும். ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா தொழிற்பேட்டைகள், கிள்ளானை ஒட்டிய மேரு, காப்பார் வட்டாரங்களின் இரும்புப் பட்டறைகளும் மரச்சாமான் கூடங்களும் ரப்பர் கையுறை ஆலைகளும், துறைமுகத்துச் சரக்கு முற்றங்கள், எல்ஆர்டி ரயில் தடத்துக்குத் தூண் நட்ட கட்டுமானத் தளங்கள் என்று பட்டியல் நீளும். பெரிய ஆலையில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், சுவரில் பலகை இருக்கும். கடைவரிசைக்குப் பின்சந்தில் நான்கு பேரை வைத்து கிரில்லும் கேட்டும் செய்து கொடுக்கும் பட்டறையிலும், மிளகாயும் மல்லியும் அரைத்துத் தரும் மசாலா மில்லிலும் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. ஆனால் சத்தம் அங்கே குறைவதில்லை. தகரக் கூரையும் வெற்றுச் சிமெண்டுச் சுவரும் அதைத் திருப்பித் திருப்பி அடித்துப் பெரிதாக்குகின்றன. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு (பலரும் ஜேகேகேபி என்பார்கள்) அறிவிக்கப்படும் தொழில்நோய்களில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது.

நோய் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் கோலாலம்பூரின் செந்தூலில் ரயில்வேயின் மையப் பட்டறை இயங்கியது. ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளால் வளர்ந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் இந்த இரண்டு வட்டாரங்களிலும் நிறைந்திருந்தார்கள். நீராவி எஞ்சின் காலத்துப் பட்டறைகளில் மிகக் கொடுமையான வேலை பாய்லர் தகட்டில் தறையாணி அடிப்பது. ஒருவர் பாய்லரின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிக்க, வெளியே நிற்பவர் சம்மட்டியால் அறைவார். இந்தத் தொழிலாளர்களின் செவிட்டுத்தன்மைக்கு ‘பாய்லர்காரன் செவிடு’ என்றே ஆங்கிலத்தில் பெயர் ஏற்பட்டுவிட்டது. கிளாஸ்கோவில் காது மருத்துவரான தாமஸ் பார் 1886இல் பாய்லர் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். அவர் பயன்படுத்திய கருவி ஒரு பைக்கடிகாரம். எத்தனை அங்குலத்தில் அதன் டிக்டிக் கேட்கிறது என்பதுதான் அளவு. 100 பேரில் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்தவர்களில் தபால்காரர்களும் இருந்தார்கள். அவர்களின் காதுகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன.

பைக்கடிகாரம் காட்டிய சேதம் எங்கே நேர்கிறது என்பது இப்போது தெளிவாகத் தெரியும். உட்செவியின் சுருளுக்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலை திரவத்தில் அதிர்வாகி வந்து இந்த நுண்மயிர்களைச் சாய்க்கும்போது நரம்பில் மின்துடிப்பு பிறக்கிறது. அளவுக்கு மீறிய சத்தத்தில் அவை களைத்துச் சாயும். ஓய்வு கிடைத்தால் சில மணி நேரத்தில் நிமிரும். மாலையில் காது ‘அடைத்த மாதிரி’ இருந்து காலையில் சரியாவது இதனால்தான். தினமும் இது தொடர்ந்தால் ஒரு நாள் செல் செத்துவிடும். மனிதரிடம் அது மறுபடி முளைப்பதில்லை.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல்சுருதிகள். பேச்சில் உயிரெழுத்துகள் கீழ்ச்சுருதியில் கனமாக ஒலிப்பவை. ச, ஸ, ஷ போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் மேலே இருப்பவை. ஆகவே இந்த நோயாளிக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. ‘கேட்குது, ஆனா என்ன சொல்றான்னு புரியல’ என்பது காது மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் முறையீடு. கல்யாண வீட்டுச் சந்தடியிலும் தொலைபேசியிலும் முதலில் திணறுவார். வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். அவருக்கு வயது 38 ஆக இருக்கலாம். இத்துடன் ஓயாத ரீங்காரமும் சேர்ந்துகொண்டால் இரவுத் தூக்கமும் போகும்.

ஆபத்தை மதிப்பிட டெசிபல் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அது சாதாரணக் கூட்டல் கழித்தலுக்கு அடங்காதது. 85 டெசிபல் எழுப்பும் இயந்திரம் ஒன்றின் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் 170 ஆகாது, 88 ஆகும். பத்தை வைத்தால் 95. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஆனால் 3 டெசிபல் ஏறியதைக் காது அநேகமாக உணர்வதே இல்லை. சத்தம் ‘இரண்டு மடங்கு’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குள் ஆற்றல் பத்து மடங்காகியிருக்கும். ஒரு மோட்டாரின் பேரிங் தேய்ந்து, 85இல் ஓடியது 88இல் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அவர் காதுக்குள் போகும் சுமை இரட்டிப்பாகிவிட்டது. காதின் தீர்ப்பை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. 95இல் அலறும் இயந்திரத்துக்கு அருகே 85இல் இரையும் ஒன்று இருந்தால் மொத்தம் 95.4 மட்டுமே. சின்னதை நிறுத்திப் பயனில்லை. பெரியதைக் கவனித்தால்தான் கூடம் அமைதியாகும். எத்தனையோ ஆலைகளில் பணம் இதற்கு நேர்மாறாகச் செலவாகிறது.

90இலிருந்து 85க்கு

மலேசியாவில் முதலில் இருந்தவை 1989ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திர இரைச்சல் விதிமுறைகள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது அவற்றின் உச்ச வரம்பு. சத்தம் 5 டெசிபல் ஏறினால் அனுமதி நேரம் பாதியாகும் என்பது அவற்றின் வாய்பாடு. 2019 ஜூன் 1 முதல் அவற்றின் இடத்தில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இரைச்சல் விதிமுறைகள் நடப்புக்கு வந்தன. வரம்பு 85க்கு இறங்கியது. வாய்பாடு 3 டெசிபலுக்குப் பாதி என்று மாறியது. ஆற்றல் இரட்டிப்பாவதும் 3 டெசிபலில்தான் என்பதால் இயற்பியலுக்கும் சட்டத்துக்கும் அப்போதுதான் பொருத்தம் வந்தது. அமெரிக்காவின் தொழிலிடச் சட்டம் இன்றும் 90 டெசிபல், 5 டெசிபல் வாய்பாட்டில் நிற்பதைப் பார்த்தால் மலேசியா எடுத்த அடி சின்னதல்ல.

புதிய வாய்பாட்டின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணி, 100இல் கால் மணி. 106 வந்தால் நான்கு நிமிடம்கூட இல்லை. எந்த நொடியிலும் 115ஐத் தாண்டக் கூடாது. சம்மட்டி அடி, வெடிப்பு போன்ற உச்ச ஒலி 140ஐத் தாண்டக் கூடாது. வரம்பு 85 என்றாலும் 82ஐத் தாண்டினாலே, அதாவது நாள் அளவில் (ஒரு நாளுக்கு அனுமதித்த மொத்த இரைச்சலில்) பாதி நிரம்பினாலே, அதை ‘மிகை இரைச்சல்’ என்று சட்டம் கருதுகிறது. அப்போது முதலாளி பதிவு பெற்ற இரைச்சல் மதிப்பீட்டாளரைக் கொண்டு முறையான மதிப்பீடு செய்தாக வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை, அல்லது இயந்திரமோ வேலைமுறையோ மாறும்போது அதைப் புதுப்பிக்க வேண்டும்.

சட்டம் மாறியதன் எடை ஒரு பட்டறைத் தொழிலாளியின் நாளைக் கணக்குப் போட்டால் விளங்கும். காப்பார் பக்கம் கேட் செய்யும் பட்டறை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அங்குள்ள தொழிலாளி கிரைண்டர் பிடிப்பது மொத்தத்தில் அரை மணி நேரம். காதருகே 94 டெசிபல். 94க்கு அனுமதி ஒரு மணி நேரம், ஆகவே நாளின் அளவில் 50 விழுக்காடு அங்கேயே தீர்ந்தது. கம்ப்ரசர் பக்கத்தில் இரண்டு மணி நேரம், 88 டெசிபல்: நான்கில் இரண்டு, இன்னொரு 50 விழுக்காடு. மீதி ஐந்தரை மணி நேரம் அளவெடுப்பது, பற்றவைப்பது, வண்ணமடிப்பது. பட்டறையின் பொது இரைச்சல் 82. அதற்கு அனுமதி 16 மணி நேரம் என்பதால் சுமார் 34 விழுக்காடு. மொத்தம் 134. வரம்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எட்டு மணி நேரச் சராசரியாகச் சொன்னால் 86.3 டெசிபல். இதே மனிதரை 1989 வாய்பாட்டில் நிறுத்தினால் வருவது 53 விழுக்காடுதான். மனிதர் அவரே, கிரைண்டரும் அதுவே. பழைய கணக்கில் அவருக்கு வரம்பில் பாதி மிச்சம் இருந்தது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் பளிச்சென்று தெரியும். கிரைண்டர் பிடித்தது அரை மணி நேரம்தான். அதை நீக்கினால் மொத்தம் 84க்கு இறங்கிவிடுகிறது. ‘கொஞ்ச நேரம்தானே, காதுக்கு எதுக்கு’ என்று அந்த அரை மணி நேரத்துக்குச் செவிக்காப்பு போடாமல் இருப்பதுதான் வழக்கம்.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் போடும் இடங்களில் 85 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. நாள் அளவு எட்டு மணி நேரத்துக்கு என்று கணக்கிடப்பட்டது. 12 மணி நேரம் நிற்பவருக்கு ஏறத்தாழ 83 டெசிபலிலேயே அது நிரம்பிவிடும். ஓவர்டைம் சம்பளச் சீட்டில் ஏறுவது போலவே காதின் கணக்கிலும் ஏறுகிறது.

கருவி வருவதற்கு முன்னால்

முறையான அளவீட்டுக்கு ஆள் அழைப்பதற்கு முன் எந்த முதலாளியும் தொழிலாளியும் ஒரு காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மதிப்பீடு ஒன்று உண்டு. இருவர் ஒரு கை நீட்டும் தூரத்தில், சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்று பேச வேண்டும். சாதாரணக் குரலில் பேச்சு புரியாமல் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் 85ஐத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். கத்தியும் புரியவில்லையென்றால் 90ஐ எளிதில் தாண்டியிருக்கும். சோதனைக்கு அங்கேயே பத்து வருடம் வேலை செய்த இருவரை நிறுத்தக் கூடாது. அவர்கள் உதட்டைப் பார்த்தும் கைச்சாடையாலும் பேசிப் பழகியவர்கள். ‘நல்லாத்தானே கேட்குது’ என்பார்கள். அலுவலகத்து ஆளோ புதிதாக வந்தவரோ நிற்பது நல்லது. எல்லா இயந்திரமும் முழுச் சுமையில் ஓடும் நேரமாகவும் இருக்க வேண்டும்.

காரில் வேலைக்கு வருபவருக்கு இன்னொரு வழி. காலையில் மின்னல் எஃப்எம் செய்தி தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வானொலியை வைத்துவிட்டு அந்த எண்ணை மாற்றாமல் இறங்குவது. மாலையில் கூட்டரசு நெடுஞ்சாலைக்குள் நுழைவதற்கு முன், வண்டி நின்றிருக்கும்போதே, அதே அளவில் போட்டுப் பார்ப்பது. சொற்கள் மங்கிக் கேட்டால் அன்றைய இரைச்சல் காதைத் தற்காலிகமாக மழுக்கிவிட்டது. அதே மழுங்கல் வாரம் முழுக்க வந்தால் மதிப்பீட்டாளரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

இயந்திரத்தின் உடம்பிலேயே தகவல் இருப்பதும் உண்டு. ஐரோப்பிய விதிக்கு ஏற்பச் செய்யப்பட்ட ஜெனரேட்டரில் ஒலிபெருக்கிப் படத்துடன் ‘எல்டபிள்யூஏ 97 டிபி’ என்பது போன்ற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இந்த எண் பலரைக் குழப்புகிறது. இது இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலித்திறன். காதில் விழும் அளவல்ல. திறந்த தரையில் அதிலிருந்து 8ஐக் கழித்தால் ஒரு மீட்டர் தூரத்துச் சத்தம் தோராயமாகக் கிடைக்கும்; பிறகு தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 குறையும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போடுபவர் 97 ஸ்டிக்கர் ஒட்டிய ஜெனரேட்டரைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் வைத்தால் அவர் காதில் 89. மூன்று மணி நேரம் தாண்டியதுமே நாள் அளவு நிரம்பிவிடும். நீளமான ஒயர் வாங்கி அதை நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் 77. இரண்டுக்கும் இடையே உள்ள செலவு மூன்று மீட்டர் ஒயர். கூரையும் சுவரும் சூழ்ந்த இடத்தில் மட்டும் இந்தக் கழித்தல் செல்லாது. எதிரொலி தூரத்தின் பலனைத் தின்றுவிடும்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி நல்லதும் சொல்லலாம், எச்சரிக்கையும் சொல்லலாம். அமெரிக்காவின் தொழிலிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 2017இல் ஐபோனுக்கென்று இலவசச் செயலி ஒன்றை வெளியிட்டது. ஆய்வுக்கூடச் சோதனையில் அதன் பிழை 2 டெசிபலுக்குள் இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மைக்ரோஃபோன்கள் ஆளுக்கு ஒரு விதம் என்பதால் அப்படியொரு உறுதியை அவற்றுக்குத் தர முடியவில்லை. ‘இந்த மூலையைக் கவனிக்க வேண்டும்’ என்று தெரிந்துகொள்ள எந்தச் செயலியும் உதவும். சம்மட்டி அடி போன்ற திடீர் ஒலிகளை அது நம்பகமாகப் பிடிக்காது, சட்டத்தின் முன்னும் செல்லாது.

சட்டத்துக்கு உகந்த மதிப்பீட்டாளர் இரண்டு கருவிகளோடு வருவார். ஒன்று கையில் பிடிக்கும் ஒலிமானி. வேலைக்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் ஒலியெழுப்பும் சிறு உருளையை அதன் மைக்கில் பொருத்திச் சரிபார்ப்பார். மற்றொன்று தொழிலாளியின் தோள்பட்டையில் காதுக்குப் பக்கமாகக் குத்திவிடும் டோசிமீட்டர். பஞ்சுத் தொப்பி போட்ட அந்தச் சிறு கருவி ஷிஃப்ட் முழுக்க அவரோடு நடக்கும், குனியும், கேண்டீனுக்கும் போகும். மாலையில் அவருடைய நாள் எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பழுது பார்ப்பவர் போல இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதைத் தவிர நல்ல வழி இல்லை. சிலர் வேடிக்கையாக மைக்கை ஊதுவதும் தட்டுவதும் உண்டு. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் பதிவில் தெரியும் அந்த முட்களை அடையாளம் கண்டுகொள்வார்.

எச்சரிக்கை எங்கே நிற்க வேண்டும்

அளந்த எண் கோப்பில் உறங்கினால் யாருக்கும் பயனில்லை. வரம்பை மீறும் இடத்தைச் செவிக்காப்பு வலயமாக அறிவித்து, நுழைவிடத்தில் பலகை வைத்து, காப்பில்லாமல் யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. மதிப்பீட்டின் முடிவைத் தொழிலாளர்களுக்குச் சொல்வதும் பயிற்சி தருவதும் அதில் அடங்கும்.

நடைமுறையில் பலகைகள் பலவும் சடங்காகத்தான் நிற்கின்றன. வாசலில் ‘கவாசான் பிசிங்’ (இரைச்சல் பகுதி) என்று மலாயில் ஒரு வரி. உள்ளே வேலை செய்பவர்களில் நேப்பாளிகள், வங்காளதேசிகள், மியன்மார்க்காரர்கள், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உண்டு. நீல வட்டத்துக்குள் காதுக்கவசம் அணிந்த தலை என்பது உலகெங்கும் ஒரே படம்; எந்த மொழிக்காரருக்கும் அது விளங்கும். ஆனால் படமும் பாதி வேலையைத்தான் செய்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு நேரம் என்பதை அது சொல்லாது. கூடத்தைக் கட்டம் கட்டமாக அளந்து 85 டெசிபல் எல்லையைத் தரையிலேயே மஞ்சள் கோடாகப் போட்டுவிட்டால், கோட்டைத் தாண்டினால் காப்பு என்பதைச் சொல்லிக்கொடுக்க மொழியே வேண்டாம். கிரைண்டரின் கைப்பிடியில் ‘97 – 30 நிமிடம்’ என்று ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், வாசலில் உள்ள பெரிய பலகையைவிடப் பயன் தரும். சத்தம் வரம்பைத் தாண்டியதும் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் காது வடிவ விளக்குகளும் சந்தையில் உண்டு; சத்தம் சில நேரம் மட்டும் எகிறும் இடங்களுக்கு அவை ஏற்றவை.

இடமே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. நெடுஞ்சாலையோரம் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புல் வெட்டுபவரை கிள்ளான் பள்ளத்தாக்கில் தினமும் பார்க்கலாம். முகத்தில் கல் தெறிக்காமல் வலை, காலில் பூட்ஸ், தலையில் துண்டு எல்லாம் இருக்கும். காதில் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அல்லது பாட்டுக் கேட்கும் இயர்ஃபோன் இருக்கும். பெட்ரோல் எஞ்சின் அவர் காதிலிருந்து ஒரு கை தூரத்தில் ஓடுகிறது. 95 டெசிபல் அங்கே சாதாரணம். அதற்கு மேல் கேட்கும்படி வைத்த பாட்டு பாதுகாப்பல்ல, கூடுதல் சுமை. இவருடைய தொழிலிடம் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. பலகை நட இடமில்லை. எச்சரிக்கை இயந்திரத்தின் மேலேயே இருக்க வேண்டும், செவிக்காப்பு இயந்திரத்தோடு சேர்த்தே கைக்கு வர வேண்டும்.

இரைச்சல் தானே ஓர் ஆபத்து. மற்ற ஆபத்துகளின் எச்சரிக்கையையும் அது விழுங்கிவிடுகிறது. கிடங்கில் பின்னோக்கி வரும் ஃபோர்க்லிஃப்ட்டின் பீப் ஒலி இரைச்சலில் அமிழ்ந்துபோகும். செவிக்காப்பு அணிந்தவருக்கு அது இன்னும் மங்கும். அதனால்தான் பல கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் தரையில் நீல ஒளிப்புள்ளி விழும்படி விளக்கு பொருத்துகிறார்கள். தேவைக்கு மிஞ்சிய கனத்த காதுக்கவசமும் தவறு. காதுக்குள் போகும் சத்தம் 70க்கும் கீழே இறங்கினால் மனிதர் தனித்துவிடப்பட்டது போல உணர்வார், கூப்பிட்டால் கேட்காது, கழற்றிக் கழுத்தில் தொங்கவிடுவார்.

கழற்றுவதற்கான விலையைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 30 டெசிபல் குறைக்கும் அருமையான கவசத்தை ஷிஃப்ட்டில் பாதி நேரம் மட்டும் அணிந்தால் கிடைக்கும் பலன் 30இல் பாதியல்ல, வெறும் 3. எட்டு மணி நேரத்தில் 48 நிமிடம் மட்டும் கழற்றினால்கூட பலன் 10க்கு மேல் போகாது. கோலாலம்பூரின் புழுக்கத்தில், தகரக் கூரையின் கீழ், வேர்வை வழியும் பஞ்சுக் கவசத்தை எட்டு மணி நேரமும் தாங்குவது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காதுக்குள் செருகும் நுரைச் செருகி இந்த ஊர் வெக்கைக்குத் தோதானது. ஆனால் அதை விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரிந்து பிடிக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது அலங்காரம். பெட்டியில் அச்சிட்ட எண் ஆய்வுக்கூடத்து எண்; களத்தில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே விவேகம்.

செவிக்காப்பு கடைசி வழியென்றே விதிகளும் கருதுகின்றன. முதலில் இயந்திரத்தைத்தான் திருத்த வேண்டும். தளர்ந்த மூடியை இறுக்குவது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, இரும்புச் சரிவில் உலோகத் துண்டு விழும் இடத்தில் ரப்பர் விரிப்பது, காற்றுக் குழாயின் முனைக்குச் சத்தம் குறைக்கும் மூக்கு போடுவது, கம்ப்ரசரைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோவது. இவற்றில் பலவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வருடத்து இயர் பிளக் செலவைவிடக் குறைவு. வண்ணமடிக்கும் இடங்களில் இன்னொரு கண்ணியும் உண்டு: டொலுவீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களின் ஆவி தானாகவே உட்செவியைப் பாதிக்கும், இரைச்சலோடு சேர்ந்தால் சேதம் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் 85 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

2024 ஜூன் 1 முதல் நிலவரம் இன்னும் இறுகியிருக்கிறது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ எல்லாத் தொழிலிடங்களையும் தன் கீழ் கொண்டுவந்தது. பொதுக் கடமையில் தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு ஏறியது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் சிறு இடங்களிலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து பேராவது இருக்கும் பின்சந்துப் பட்டறைகளுக்கும் மசாலா மில்களுக்கும் முதன்முறையாக ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அவர் கையில் யாராவது அந்த ஒரு மீட்டர் சோதனையைக் கொடுத்தால் போதும், வேலை தொடங்கிவிடும்.

மதிப்பீடும் எச்சரிக்கையும் சரியாக நடக்கிறதா என்று காட்டும் கடைசிச் சான்று செவிச்சோதனை. வரம்பை மீறிய இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் அதைச் செய்ய வேண்டும். அமைதியான அறையில் காதில் கவசம் மாட்டி, 500 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் கேட்கும் மிக மெல்லிய ஒலியைக் குறிப்பார்கள். வரைகோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக விழுந்து 8,000இல் கொஞ்சம் எழுந்தால் அது இரைச்சலின் கையெழுத்து. ஒரு கூடத்தில் மூன்று நான்கு பேருக்கு ஒரே ஆண்டில் அந்தப் பள்ளம் ஆழமானால் தவறு அவர்கள் காதில் இல்லை. அந்தக் கூடத்துக் கவசமோ கணக்கோ பொய்த்திருக்கிறது.

கேட்கும் திறன் போய்விட்டதென்று உறுதியானால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ வழியாக இழப்பீடு கோரலாம். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொழில்நோயாக ஏற்கிறது. 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். மருத்துவக் குழு நிரந்தர இழப்பின் விழுக்காட்டை நிர்ணயிக்கும். கோரிக்கை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் தாள்களைப் பொறுத்தது: எந்த இயந்திரத்தில் எத்தனை ஆண்டு, அந்த இடத்து இரைச்சல் மதிப்பீடு, ஆண்டுச் சோதனைகளின் வரைகோடுகள். இவற்றில் மிகவும் மதிப்புள்ளது வேலையில் சேர்ந்த சமயத்தில், காதுக்கு நல்ல ஓய்வு கொடுத்தபின் எடுத்த முதல் வரைகோடு. அது இல்லையென்றால் தன் காது இங்கே வந்த பிறகுதான் கெட்டது என்று தொழிலாளியால் காட்ட முடியாது. அவர் முந்தைய பட்டறையிலேயே பாதி செவிடாகித்தான் வந்தார் என்று முதலாளியாலும் காட்ட முடியாது.